பெட்டி மாறினால் திருட்டா? காசிமேட்டிலிருந்து கொஞ்சம் குற்றவியல் சட்டம்

வணக்கம் நண்பர்களே. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது ஏலச் சத்தம். மைக்கை வாயருகே பிடித்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று வேறு ஒன்றைப் பற்றிப் பேசத்தான் கேமராவை எடுத்து வந்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன் இங்கே நடந்ததைப் பார்த்த பிறகு அதைப் பேச மனம் வரவில்லை.

நண்டு வாங்க வந்த ஒரு அக்கா, ஏலக்கூடத்து ஓரத்தில் இருந்த ஐஸ் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். நீலப் பெட்டி, மஞ்சள் நைலான் கயிறு. ஆட்டோ கிளம்புவதற்குள் இன்னொரு அம்மா "என் பெட்டி, என் பெட்டி" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். கூட்டம் கூடிவிட்டது. "திருடி" என்ற சொல் நாலு பக்கமிருந்தும் வந்தது. அந்த அக்காவுக்குப் பேச்சே எழவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டு நின்றார். ஐஸ் அள்ளும் பையன் ஒருவன்தான் தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, இன்னொரு நீலப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். அதே மஞ்சள் கயிறு. மூடியின் உட்புறத்தில் அந்த அக்கா சுண்ணாம்பால் போட்டிருந்த பெருக்கல் குறி. பார்த்ததும் கூட்டம் கலைந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நான் வழக்கறிஞர் இல்லை. தம்பு செட்டித் தெருவில் ஒரு வழக்கறிஞரிடம் 12 ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். வாய்தா தேதி குறிப்பது, நகல் மனு போடுவது, ஜாமீன்தாரரை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போவது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இன்று அந்த அக்காவைக் காப்பாற்றியது அந்தப் பையனின் கண். அவன் இல்லாமல் போயிருந்தால், சட்டப் புத்தகத்தில் உள்ள ஒரு சொல்தான் காப்பாற்றியிருக்க வேண்டும்.

அந்தச் சொல் 'நேர்மையின்றி' என்பது. இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303வது பிரிவு திருட்டைப் பற்றிப் பேசுகிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 378, 379 ஆக இருந்தது. பிறர் வசம் இருக்கும் அசையும் பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுக்கும் நோக்கத்தில் நகர்த்தினால்தான் திருட்டு. அந்த எண்ணம் இல்லையென்றால் பெட்டி எத்தனை மைல் போனாலும் திருட்டு இல்லை. சட்டமே அந்தப் பிரிவின் கீழ் ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது: தன் பொருள்தான் என்று நல்லெண்ணத்தோடு நம்பி ஒருவர் அதை இன்னொருவரிடமிருந்து எடுத்தால், அவர் திருடவில்லை. காசிமேட்டு ஐஸ் பெட்டிக்காகவே எழுதியது போல இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. ஒருவன் பஸ்ஸில் அடுத்தவர் பைக்குள் கை விடுகிறான், உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு பைசா போகவில்லை. ஆனாலும் அது திருட்டு முயற்சி, தண்டனை உண்டு. இதுவும் அந்தச் சட்டத்திலேயே உள்ள எடுத்துக்காட்டு. முன்னதில் பொருள் போயும் குற்றம் இல்லை, பின்னதில் பொருள் போகாமலே குற்றம். கை என்ன செய்தது என்பதோடு மனம் என்ன நினைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். குற்றச் செயல், குற்ற மனம் என்று எங்கள் வழக்கறிஞர் ஐயா அடிக்கடி சொல்லும் இரண்டும் இவைதான்.

இதைப் பேசும்போது எனக்கு மனுநீதிச் சோழன் நினைவு வரும். உயர் நீதிமன்ற வளாகத்தில் அவர் சிலை இருக்கிறது. கட்டு தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். வாய் பேசாத பசுவும் நீதி கேட்கலாம் என்று வாசலில் மணி கட்டியவர். அந்த மணியை நான் கும்பிடுகிறேன். தீர்ப்பை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தேர் போகும் வழியில் கன்று துள்ளி விழுந்தது. இளவரசன் கொல்ல நினைக்கவில்லை. விலங்கைக் கொல்வது இன்றைய 325வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை தரும் குற்றம்தான், ஆனால் வேண்டுமென்றோ விளைவு தெரிந்தோ செய்திருக்க வேண்டும். உரிய கவனத்தோடு சட்டப்படியான ஒரு காரியத்தைச் செய்யும்போது நேரும் விபத்து குற்றமே இல்லை என்கிறது 18வது பிரிவு. மகன் என்று பாராமல் தண்டித்த மனம் பெரிது. ஆனால் அந்தப் பிள்ளையிடம் 'என்ன நடந்தது' என்று ஒருவர் கேட்டிருக்க வேண்டும்.

சரி, இதற்கெல்லாம் மூலமான இந்திய தண்டனைச் சட்டம் எங்கிருந்து வந்தது? கேமராவைக் கடல் பக்கம் திருப்புகிறேன். இந்தக் கரையோடு தெற்கே போனால் கோட்டை வரும். கவர்னர் ஜெனரலின் கவுன்சிலில் சட்ட உறுப்பினராக வந்த ஆங்கிலேயர் மெக்காலே, 1834 ஜூன் மாதம் இந்தியாவில் முதலில் இறங்கியது நம் சென்னையில். அப்போது துறைமுகம் கிடையாது. கப்பலைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, அலையைத் தாண்ட மசூலாப் படகில் ஆட்களை ஏற்றி வருவார்கள். தன் பாட்டன்மார் மசூலாப் படகு வலித்தவர்கள் என்று என் ஆயா சொல்வார். இங்கிருந்து மெக்காலே பல்லக்கில், மனிதர்களின் தோள்மீது, ஊட்டி வரை போய் கவர்னர் ஜெனரலைப் பார்த்தார். அவர் தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் வரைவைக் கொடுத்தது. 23 ஆண்டுகள் கிடப்பில் கிடந்து 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 511 பிரிவுகள்.

அதற்கு முன் இங்கே ஒரே சட்டம் இருக்கவில்லை. 1801இல் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட் நகருக்குள் ஆங்கிலேயச் சட்டப்படி விசாரித்தது. நகர எல்லையைத் தாண்டினால் கம்பெனி நீதிமன்றங்கள், அங்கே கம்பெனியார் திருத்திக்கொண்ட இஸ்லாமியக் குற்றவியல் சட்டம். எந்தப் பக்கம் பிடிபட்டான் என்பதைப் பொறுத்துத் தண்டனை மாறும். எல்லோருக்கும் ஒரே எழுத்து, முன்கூட்டியே எழுதிவைத்த எழுத்து என்று வந்தது பெரிய காரியம்தான், ஆட்சி செய்தவர்கள் தங்கள் வசதிக்காகவே அதைச் செய்திருந்தாலும். செய்த நாளில் குற்றமாக இல்லாததற்குப் பின்னால் வந்த சட்டத்தைக் காட்டித் தண்டிக்க முடியாது என்று இன்று நம் அரசியலமைப்பின் 20வது பிரிவு சொல்கிறது. ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனை கூடாது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் அதே பிரிவில்தான்.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, 358 பிரிவுகள். எண்கள் மாறிவிட்டன, 420 இப்போது 318. முதல் முறையாகச் சமூக சேவையும் ஒரு தண்டனை ஆகியிருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு, முதல் முறை, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் சிறை இல்லை, சமூக சேவை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய மாற்றம்.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு வலிக்கும் பகுதி.

செயலையும் மனத்தையும் பார் என்று எழுதிய சட்டம் நடைமுறைக்கு வந்து 9 ஆண்டுகளில், 1871இல், அதே ஆட்சி குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. அதில் செயலும் வேண்டாம், மனமும் வேண்டாம், இன்ன சாதியில் பிறந்தால் போதும். 1911இல் அது நம் மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வேண்டும். உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. சிறைப் பதிவேடுகளில் இருக்கும் சாதிக் கட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது எப்போது தெரியுமா? 2024 அக்டோபரில்.

சட்டம் போய்விட்டது. பார்வை போகவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் என் தம்பிக்கு 19 வயது. ஐஸ் ஏற்றிவிட்டு இரவு இரண்டு மணிக்கு நடந்து வந்துகொண்டிருந்தவனை நிறுத்தினார்கள். முதல் கேள்வி: "எந்த ஏரியா?" சொன்னான். இரண்டாவது கேள்வியே இல்லை, ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். காலையில் அவனைத் தேடி நாங்கள் ஒரு காவல் நிலையத்துக்குப் போனபோது, படியோரம் அவன் செருப்பு கிடந்தது, வாரில் மீன் செதில் ஒட்டியபடி. அம்மா அதைத்தான் முதலில் பார்த்தார். இட்லித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு மாலை ஆறு மணி வரை வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு போகச் சொன்னார்கள். வழக்கு இல்லை, காகிதம் இல்லை, காரணமும் இல்லை. மூன்று நாள் அவன் யாரிடமும் பேசவில்லை.

16 மணி நேரம். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற விதியை அவர்கள் தாண்டவில்லை என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஆனால் அது ஒன்றுதானா விதி? பிடிக்கும்போதே காரணம் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கோ வேண்டியவருக்கோ தகவல் தர வேண்டும். கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க உரிமை உண்டு. புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இவை 36, 38, 47, 48 ஆகிய பிரிவுகளில் இருக்கின்றன, 24 மணி நேரம் 58இல். அப்போது இருந்த பழைய சட்டத்திலும் இவை இருந்தன. எனக்குத் தெரியும், தினமும் மனுவில் தட்டச்சு செய்கிறேன். அன்று அந்தத் திண்ணையில் என் வாயிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. இன்று அந்த அக்கா கையை விரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது அதுதான் என் கண்ணில் நின்றது.

கூண்டில் நிற்பவர் தான் நிரபராதி என்று நிரூபிக்க வேண்டியதில்லை. குற்றவாளி என்று அரசுத் தரப்புதான், நியாயமான சந்தேகம் மிஞ்சாமல் நிரூபிக்க வேண்டும். இது நீதிமன்றத்துக்குள் நடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், சந்தேகத்தின் பலன் பெற்று வெளியே வந்தவர்களோடு டீ குடித்திருக்கிறேன். நீதிமன்றப் படி ஏறுவதற்கு முன்னால், தெருவில், ராத்திரி இரண்டு மணிக்கும் அது வேண்டும்.

காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. குறித்துக்கொள்ளுங்கள்.

ஏலம் முடிகிறது, நானும் கிளம்ப வேண்டும்; பத்தரைக்கு நீதிமன்றத்தில் ஒரு ஜாமீன் மனு. தம்பி இன்றைக்கும் இரவு ஐஸ் ஏற்றத்தான் போகிறான். அவன் சட்டைப்பையில் நான் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் 15100, எங்கள் அலுவலக எண். மறுபக்கம் அவனே தன் கையெழுத்தில் எழுதியது: "ஐயா, என்ன காரணத்துக்காக என்னை அழைத்துப் போகிறீர்கள்?"