பேராதனையின் முதிரைப் பாலமும் நம் ஊர்ப் பாலங்களும்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, மங்கல விளக்கேற்றி வைத்த குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச சபை உறுப்பினர்களே, கிராம உத்தியோகத்தர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அக்கா அவர்களே, தோட்டத் தலைவர்மாரே, பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

அதிபர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. மழைநாளில் வரவு குறைந்தால் இடாப்பை மூடி வைத்துவிட்டு, குடையும் கையுமாக ஆற்றங்கரைக்கே போய் நின்று, அக்கரைப் பிள்ளைகளைக் கைபிடித்துக் கரையேற்றியவர் அவர். இந்த மண்டபத்தில் இருக்கிற பலர் அந்தக் கையைப் பிடித்து வந்தவர்கள்தாம். குருக்கள் ஐயா, அருட்தந்தை, மௌலவி மூவரும் ஒரே வாகனத்தில் வந்து இறங்கியதையும் வாசலில் நின்று பார்த்தேன். இந்த ஊருக்கு அது பெருமை. பிரதேச சபை உறுப்பினர்கள் கடைசிவரை இருந்து கேட்பதாக வாக்களித்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். அதனால் அவர்களுக்கு இரட்டை நன்றி.

பேராதனைப் பாலத்தின் வரலாற்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பாலம் வருமுன் ஆறு எப்படி இருந்தது, முதிரை மரப் பாலம் எப்படி நின்றது, தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலம், கட்டுகஸ்தோட்டை ரயில் பாலம் என்று நான்கு செய்திகளைக் குறித்து வந்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்பாக, என் பாட்டனார் வாயிலிருந்து நான் பெற்ற பழமொழி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார், நான் யார்?

கண்டி இராச்சியத்துக்கு மகாவலிதான் அகழி. அரசர்கள் வேண்டுமென்றே அகலமான பாதை வெட்டவிடவில்லை. ஒற்றையடிப் பாதைகள், முள் கடவைகள், பாலமில்லாத ஆறு, இவையே கோட்டை மதில்கள். 1803ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்ததைக் கேளுங்கள். கண்டியைப் பிடித்து, முத்துசாமி என்பவரை அரசர் என்று அமர்த்தியிருந்த பிரித்தானியப் படை, நோயாலும் முற்றுகையாலும் நலிந்து சரணடைந்தது. மேஜர் டேவியின் தலைமையில் எஞ்சியவர்கள் திருகோணமலைக்குப் போகப் புறப்பட்டார்கள். வட்டப்புளுவையில் மகாவலி கரைபுரண்டு ஓடியது. படகில்லை. முத்துசாமியை ஒப்படைத்தால் படகு தருவோம் என்றார்கள் கண்டி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆட்கள். ஒப்படைத்தார்கள். படகு வரவில்லை, முத்துசாமியும் கொல்லப்பட்டார், படையும் அழிந்தது. அரசர் என்று முடிசூட்டி அழைத்து வந்த மனிதரை ஆற்றங்கரையிலேயே கைவிட்டார்கள். ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி என்று சொன்னேனே, இங்கே ஆறு கடக்கும் வரைகூட அந்த உறவு தாங்கவில்லை.

1815இல் கண்டி வீழ்ந்தது. 1818 கிளர்ச்சிக்குப் பிறகு, மலைநாட்டைக் கையில் வைத்திருக்கச் சாலை வேண்டும் என்று முடிவுகட்டியவர் பிரித்தானிய ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ். 1820இல் கொழும்பு–கண்டிச் சாலை வேலை தொடங்கியது. கடுகண்ணாவைக் கணவாயில் அந்தச் சாலையை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரத்தை பஸ்ஸில் போகும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடைசித் தடையாகப் பேராதனையில் மகாவலி கிடந்தது. 1833இல் அதையும் கடந்தார்கள்.

என்ன பாலம் தெரியுமா? இரும்பும் இல்லை, கல் தூணும் இல்லை. முழுவதும் முதிரை மரம். ஜோன் பிரேசர் என்ற இராணுவப் பொறியியலாளர் வரைந்தது. கரைக்குக் கரை 205 அடி, ஒரே வளைவு. ஆணியும் திருகாணியும் இல்லாமல் மரத்தோடு மரத்தைப் பொருத்தி நிறுத்தியிருந்தார்கள். அந்தக் காலத்துப் பயணிகள் அதைப் பார்த்து எழுதாமல் போனதில்லை.

மாணவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். நேரான மரத்தை இரு கரையிலும் போட்டால் பாரம் ஏற ஏற அது நடுவில் தொய்யும். வளைவில் அப்படியில்லை. மேலே ஏறும் பாரம் வளைவின் வழியாக இரு பக்கமும் இறங்கிக் கரையை நெருக்கும். கரை உறுதியாக இருந்தால், பாரம் ஏற ஏறத் துண்டுகள் ஒன்றையொன்று இன்னும் இறுக்கிக்கொள்ளும். இன்னொன்று, ஆற்றின் நடுவில் தூண் கிடையாது. மகாவலியில் வெள்ளம் வந்தால் தண்ணீர் மட்டுமா வருகிறது? மலையிலிருந்து வேரோடு பெயர்ந்த மரங்கள் வருகின்றன. நடுத்தூண் இருந்தால் அவை அதில் மோதும், அடைக்கும், கடைசியில் தூணையே சாய்க்கும். பிரேசர் வளைவை வெள்ளத்துக்கு மேலே உயர்த்தி, ஆற்றுக்கு வழிவிட்டார். அதனால் அந்த மரப் பாலம் இந்த ஈர மண்ணில் 72 ஆண்டுகள் நின்றது. 1905இல்தான் அதை எடுத்துவிட்டு இரும்புப் பாலம் போட்டார்கள். ஆற்றின் நடுவில் காலை ஊன்றாதே, உயரத்தில் நில்: இந்த இரண்டு பாடங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதிரை நம் மலையில் வளரும் மரம் இல்லை. அது வறண்ட காட்டு மரம். அத்தகைய காடுகளுக்கூடாகத்தான், மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து வந்தார்கள். 1824இல் பார்ன்ஸ் கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் போட்டார். பின்னர் மலைச்சரிவெல்லாம் கோப்பியானது. சாலை போடவும் கோப்பி பறிக்கவும் கைகள் வேண்டியிருந்தன. 1867இல் கண்டிக்கு ரயில் வரும்வரை, அந்தக் கோப்பியில் பெரும் பங்கு மாட்டுவண்டிகளில் இந்த முதிரைப் பாலத்தைத் தாண்டித்தான் கொழும்புக்குப் போனது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. நாட்டின் கஜானா நிறைந்தது. பிறகு 1948இல், நம் மக்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இங்கே உரிமை கொடுக்கவும் கணக்குப் போட்டது. ஆறு கடந்தால் நீ யார், நான் யார்?

இப்போது ஒரு கல்யாணக் கதை. எங்கள் தோட்டத்து மூத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், தவறிருந்தால் திருத்துவார்கள்.

கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. மேற்கணக்கில் பெண், கீழ்க்கணக்கில் மாப்பிள்ளை. நடுவில் ஆறு. ஆற்றின் மேல் இரண்டு டேர்பன்டைன் மரங்களைப் படுக்கப்போட்டு, பலகை அறைந்து, நடுவில் ஒரு கல் தூணை முட்டுக்கொடுத்திருந்தார்கள். அதுதான் பாலம். முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை. முதல் நாள் இரவு முழுக்க மழை. விடியற்காலையில் ஒரு பெரிய சத்தம் கேட்டது. கொழுந்து மடுவத்துக் காவல்காரர் ஓடிப்போய்ப் பார்த்தால், தூணும் இல்லை, மரமும் இல்லை. சிவப்புத் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டார் பட்டு வேட்டியோடு அக்கரையில் வரிசையாக நின்றார்கள். தப்புக்காரர்கள் அங்கே, குருக்கள் இங்கே. தாலி அங்கே; கழுத்து இங்கே. பெண்ணின் தாய்மாமன் கையைக் கூப்பிக்கொண்டு “மாப்பிள்ளை, அப்படியே நில்லுங்கள்!” என்று கத்துகிறார். அந்த இரைச்சலில் அது “மாப்பிள்ளை, அப்படியே செல்லுங்கள்!” என்று கேட்க, மாப்பிள்ளையின் தகப்பனாருக்குக் கோபம் வந்துவிட்டது. “நாங்கள் போகிறோம், வேறு பெண்ணா கிடைக்காது!” என்று அவர் திரும்ப, தப்புக்காரர்கள் என்ன ஏது என்று தெரியாமல் வரவேற்பு அடியை அடிக்க, இங்கே பெண்கள் குலவையிட்டுவிட்டார்கள். குலவைச் சத்தம் கேட்டதும் தகப்பனார் நின்றார். அதற்குள் ஒரு பையன் கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி அக்கரைக்கு வீசினான். முதல் வீச்சு ஆற்றில், இரண்டாவது வீச்சு பலகாரத் தட்டில், மூன்றாவதைத்தான் பிடித்தார்கள். தாலியைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து, மஞ்சள் துணியால் சுற்றி, கயிற்றில் கட்டி இழுத்தார்கள். பெட்டி தண்ணீரைத் தொடும் ஒவ்வொரு தடவையும் இரு கரையிலும் ஒரே குரலில் “முருகா!”

தாலி வந்து சேர்ந்தபோது மணி பத்து இருபது. மாப்பிள்ளை வராமல் எப்படி? அவருடைய அக்கா முறையான ஒருத்தி இக்கரைக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு இருந்தாள். நாத்தனாரே தாலியைக் கட்டட்டும், சாட்சிக்கு இரு கரை இருக்கிறது என்று பெண்ணின் பாட்டி சொல்லிவிட்டாள். குருக்கள் ஆற்றுக்குக் கேட்கும்படி மந்திரம் சொன்னார். அக்கரையில் நின்றபடியே மாப்பிள்ளை அரிசி தூவினார். தண்ணீர் வடிந்து அவர் மைத்துனர்களின் தோளேறி வந்து சேர்ந்தபோது மாலை நான்கு மணி. அந்தத் தம்பதிக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த வாரம் அளவுநாடாவோடு வந்தவர்கள் அளந்துவிட்டுப் போனார்கள். அதன்பின் மறுபடியும் இரண்டு மரமும் ஒரு முட்டுத் தூணும்தான் வந்தன. அந்தப் பலகையின் மேல்தான் இன்றும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறார்கள். பிரசவ வலியெடுத்த பெண்ணைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு போவதும் அதன் மேல்தான்.

ஏன் இப்படி? 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. 1987இன் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை பணம் செலவழிக்கத் தடையாக இருந்தது. நாமும் வாக்குப் போட்டோம், நம் வாக்கில் உறுப்பினர்கள் சபைக்குப் போனார்கள். ஆனால் சபையின் தார் தோட்டத்து எல்லைக் கல்லோடு நின்றது. சபை, அது தோட்டத்துப் பாதை என்றது. தோட்டம், அது லாபம் தராத செலவு என்றது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசிச் சபை இனி வேலை செய்யலாம். கதவு திறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அதற்குள் நுழைந்து கேட்பவர்கள் போதவில்லை என்பதே என் ஆதங்கம். தேர்தல் மேடையில் எங்களை உடன்பிறப்பே என்று அழைக்கும் பெரியவர்களுக்கு என் பாட்டனாரின் பழமொழியை மரியாதையோடு நினைவூட்டுகிறேன்: ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார், நான் யார்?

தெமோதரைப் பாலத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். 1921இல் முடிந்தது, கல்லும் செங்கல்லும் சிமெந்துமாக இரும்புக் கம்பியில்லாமல் கட்டியது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தை இன்னொரு கூட்டத்தில் பேசலாம்.

பிரதேச சபை உறுப்பினர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். முதலில், எந்தத் தோட்டத்தில் எந்த ஆற்றின் மேல் எத்தகைய பாலம் இருக்கிறது என்ற பட்டியலை நேரில் வந்து எடுங்கள். வெள்ளம் எட்டும் உயரத்துக்கு மேலே, ஆற்றின் நடுவில் தூணில்லாமல், இரு பக்கமும் கைப்பிடியோடு நடைபாலம் அமையுங்கள். 1833இல் மரத்தால் 205 அடியைத் தாண்டினார்கள். நம் ஆறுகள் அதில் பாதி அகலமும் இல்லை. பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்பதைத் தோட்ட நிர்வாகத்தோடு பேசி எழுத்தில் வாங்குங்கள்.

மனுத் தாள்கள் பின்வாசல் மேசையில் இருக்கின்றன. கையெழுத்தோடு தோட்டம், கணக்கு, ஆற்றின் பெயர், அக்கரையில் இருக்கும் லயங்களின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) எண்ணிக்கை, அங்கிருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் எழுதுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மாருக்கு மாதர் சங்கத் தலைவி அக்கா உதவுவார். அடுத்த சபைக் கூட்டத்தன்று மனுவோடு நேரில் போகிறோம். ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் இரண்டு பேராவது வர வேண்டும். வருகிறவர்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுங்கள். நன்றி, வணக்கம்.