நார்டன் கமாண்டோ கியர்பாக்ஸ்: பேரிங் வாங்கும் முன் வெர்னியரை எடுங்கள்

[திரையில்: உள்ளங்கையில் எண்ணெய் ஒட்டிய பழைய பேரிங். விரலால் சுழற்றுகிறோம்.]

சத்தம் கேட்கிறதா? மணலைப் போட்டு அரைப்பதுபோல ஒரு கரகரப்பு. இது நார்டன் கமாண்டோ 850 என்கிற 1973ஆம் வருட பிரிட்டிஷ் பைக்கின் கியர்பாக்ஸிலிருந்து வந்தது. வண்டி ஒரு நண்பருடையது. மூன்றாவது கியரில் முறுக்கும்போது கிக் லீவர் தானாகத் துடிக்கிறது என்றார். இதைக் கேட்டதும் நான் சொன்னது ஒன்றுதான்: வண்டியை இனி ஓட்டாதீர்கள், வேனில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

கிக் லீவருக்கும் பேரிங்குக்கும் என்ன சம்பந்தம்? அதைப் புரிந்துகொண்டால் எந்தப் பேரிங் வாங்குவது என்பதும் பாதி புரிந்துவிடும்.

[திரையில்: திறந்த கியர்பாக்ஸ், பக்கவாட்டிலிருந்து.]

உள்ளே இரண்டு ஷாஃப்ட். மேலே மெயின்ஷாஃப்ட், கீழே லேஷாஃப்ட். மெயின்ஷாஃப்ட்டின் இடது முனையில் கிளட்ச். அதை ஒட்டி, ஷாஃப்ட்டுக்குச் சட்டை மாட்டியதுபோல ஸ்லீவ் கியர். பின்சக்கரத்துக்குப் போகிற செயின் இந்த ஸ்லீவ் கியரின் ஸ்ப்ராக்கெட்டில்தான் ஓடுகிறது. முதல் மூன்று கியர்களில் இன்ஜினின் இழுவை மெயின்ஷாஃப்ட்டிலிருந்து லேஷாஃப்ட்டுக்கு இறங்கி, மறுபடி ஸ்லீவ் கியருக்கு ஏறுகிறது. நாலாவது கியரில் மெயின்ஷாஃப்ட்டும் ஸ்லீவ் கியரும் நேராகப் பூட்டிக்கொள்ளும், லேஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டு பற்சக்கரங்கள் இழுவையோடு கடிக்கும்போது ஒன்றையொன்று தள்ளிவிடப் பார்க்கும். ஸ்லீவ் கியர் லேஷாஃப்ட்டைக் கீழே தள்ளுகிற அதே இடத்தில், இடது முனையைத் தாங்கி உட்கார்ந்திருப்பது இந்தச் சின்னப் பேரிங். வலது முனை, கிக் லீவர் மாட்டியிருக்கும் கிக் ஷாஃப்ட்டுக்குள் இருக்கும் ஒரு புஷ்ஷில், அதாவது ஒரு உலோகக் குழலில், ஓடுகிறது. இடது பேரிங் தேய்ந்தால் லேஷாஃப்ட் சாய்கிறது, வலது முனை புஷ்ஷில் இறுகுகிறது, கிக் ஷாஃப்ட்டையும் சேர்த்து இழுக்கிறது. லீவர் துடிப்பது அதனால்தான். அதையும் கவனிக்காமல் விட்டால் கியர்பாக்ஸ் ஓட்டத்திலேயே இறுகிப் பின்சக்கரம் நின்றுவிடலாம்.

இந்தக் கியர்பாக்ஸை ஏஎம்சி பெட்டி என்பார்கள், ஏஎம்சி அப்போது நார்டனின் தாய் நிறுவனம். 1950களின் நடுவில் 350, 500 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கும் சேர்த்து வந்தது. அதே பெட்டியை 745 சிசி, பிறகு 828 சிசி இன்ஜினுக்குப் பின்னால் வைத்தார்கள். சுமை ஏறியது, பேரிங் அதே அளவில் நின்றது. (நார்டன் இன்று டிவிஎஸ் மோட்டாரின் கையில் இருக்கிறது, 2020 ஏப்ரலில் வாங்கினார்கள். அந்தக் கதை வேறு வீடியோவுக்கு.)

[திரையில்: மரப்பலகை, கேஸ் அடுப்பு, கியர்பாக்ஸ் கூடு.]

முதலில் கழற்றுவோம். பேரிங் உட்கார்ந்திருக்கும் குழிக்குப் பின்னால் ஓட்டை கிடையாது, பின்பக்கமிருந்து தட்ட முடியாது. சூடுதான் வழி. கூடு அலுமினியம், பேரிங் இரும்பு. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 40 மில்லிமீட்டர் குழியை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், அது பேரிங்கைவிட 44 மைக்ரான் அளவுக்கு அதிகமாக விரிந்துவிடும், தலைமுடித் தடிமனில் பாதிக்கு மேல். கூட்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று பொங்கி மறைந்தால் பதம். கூட்டைக் கவிழ்த்துப் பலகையில் நேராக ஒரு தட்டு.

[டக் என்ற சத்தம். பேரிங் பலகையில் விழுகிறது.]

அவ்வளவுதான். உளி வைத்துக் குத்த வேண்டாம்.

சரி, இனி வாங்குவது. 6203 என்று இதன் முகத்தில் பொறித்திருக்கிறது. 17 மில்லிமீட்டர் துளை, 40 வெளிவிட்டம், 12 அகலம். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடையில்கூடக் கிடைக்கும். அப்படியானால் இதே நம்பரில் மூன்றை வாங்கிப் பெட்டியில் இருக்கும் மூன்றையும் மாற்றிவிடலாமா?

[திரையில்: இரண்டு பேரிங்குகள் அருகருகே.]

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இடதில் இருப்பது 6203. வலதில் இருப்பது மெயின்ஷாஃப்ட்டின் வலது முனைப் பேரிங். கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். துல்லியமாக அளக்கும் வெர்னியரை வைக்கிறேன், பாருங்கள். வெளிவிட்டம் 39.69. துளை 15.88. அகலம் 11.11. இவை அங்குல அளவுகள்: துளை 5/8, வெளிவிட்டம் 1 9/16, அகலம் 7/16. ஸ்லீவ் கியரின் பெரிய பேரிங்கும் அங்குலம்தான்: 1 1/4, 2 1/2, 5/8. அதற்கு மிக நெருங்கியது 6206, ஆனால் அதன் வெளிவிட்டம் 62, நமக்கு வேண்டியது 63.5. ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் தகடு சுற்றி அடித்த பெட்டியையும் பார்த்திருக்கிறேன். பாவம் அந்தப் பெட்டி. ஒரே கூட்டுக்குள் இரண்டு அங்குலம், ஒரு மெட்ரிக். அதனால் கடைக்குப் போகும் முன் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஷாஃப்ட்டையும் அளந்துவிடுங்கள், முன்பு யாராவது லேத்தில் கடைந்திருக்கலாம்.

மெயின்ஷாஃப்ட், ஸ்லீவ் கியர் இரண்டுக்கும் அதே அளவில் நல்ல கம்பெனிப் பேரிங் போதும், யோசிக்க ஒன்றுமில்லை. லேஷாஃப்ட்டுக்குத்தான் யோசிக்க வேண்டும்.

[திரையில்: உடைந்த கேஜ், நெருக்கத்தில்.]

நம்முடைய பழைய பேரிங்கில் குண்டுகள் ஓடும் பாதை அம்மைத் தழும்புபோலப் பொரிந்திருக்கிறது. குண்டுகளைப் பிடித்திருக்கும் கேஜ் ஒரு ரிவெட்டில் விட்டுப்போயிருக்கிறது. ‘போர்ச்சுகல்’ என்று முத்திரை இருக்கும் பேரிங்குகள் இந்தப் பெட்டியில் இப்படிப் போனதால், கமாண்டோ வைத்திருப்பவர்கள் அந்த முத்திரையைக் கண்டாலே கழற்றிப் போடுவார்கள்.

மாற்றுக்கு இரண்டு வழி. ஒன்று, அதே 6203, ஆனால் பாலிஅமைடு கேஜ் வைத்தது. பெட்டியின் எண்ணெய்ச் சூட்டை அந்தப் பிளாஸ்டிக் தாங்கும், ரிவெட் கிடையாது. நேராகப் போட்டு மூடிவிடலாம். இன்னொன்று, குண்டுக்குப் பதில் உருளை வைத்த என்ஜே 203. வெளி அளவுகள் அதேதான். ஆனால் தாங்கும் சுமை, கேட்டலாக்குப்படி, 6203க்கு 9.95 கிலோநியூட்டன், என்ஜே 203இன் இன்றைய வகைகளுக்கு 20. குண்டு ஒரு புள்ளியில் தொடுகிறது, உருளை ஒரு கோட்டில் தொடுகிறது, அதனால்தான் இந்த வித்தியாசம்.

அப்படியானால் எல்லாரும் உருளைக்கே போகலாமே? அதற்கு வேறு பிடிவாதங்கள் உண்டு. என்ஜே வகையில் உள்வளையத்துக்கு ஒரு பக்கம்தான் விளிம்பு. ஷாஃப்ட் ஒரு திசையில் நகர்வதை மட்டும் தடுக்கும், மறுதிசையில் இருக்கும் ஆட்டத்தை நாம்தான் ஷிம் என்கிற மெல்லிய வளையத் தகடு வைத்துப் பிடிக்க வேண்டும். கேஸ்கெட்டோடு உள்மூடியை முறுக்கிய பிறகு ஷாஃப்ட் முன்பின் ஆடும் அளவைப் பார்க்க வேண்டும். கொஞ்சமும் ஆடாவிட்டால் சூட்டில் இறுகும். அப்புறம், உருளைக்குச் சாய்வு பிடிக்காது. வலது புஷ் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், இல்லையென்றால் புது உருளையின் ஓரம் மட்டும் தேயும். நிதானமாக ஓட்டுபவருக்குப் பாலிஅமைடு குண்டே போதும் என்பேன். இந்த நண்பர் நிதானமாக ஓட்டுபவர் இல்லை. அதனால் உருளை.

நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் பற்றிக் கொஞ்சம். சி3 என்றால் உசத்தித் தரம் என்று கவுன்டரில் சொல்வார்கள். அது தரம் இல்லை, உள்ளே விட்டிருக்கும் இடைவெளி. 17 மில்லிமீட்டர் துளைக்குச் சாதாரணப் பேரிங்கில் 3 முதல் 18 மைக்ரான், சி3இல் 11 முதல் 25. இரண்டு வளையமும் இறுக்கமாக உட்காரும் இடத்தில் சி3 வேண்டும், ஏனென்றால் இறுக்கம் அந்த இடைவெளியைத் தின்றுவிடும். 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி. எண்ணெயில் குளிக்கும் கியர்பாக்ஸுக்கு மூடி தேவையில்லை, திறந்ததையே கேளுங்கள்.

[திரையில்: காலியான குழிக்குள் டார்ச் வெளிச்சம்.]

புதுசைப் போடும் முன் குழியைப் பாருங்கள். கண்ணாடிபோல மினுங்கினால் பழைய வெளிவளையம் அதற்குள் சுற்றியிருக்கிறது என்று பொருள். சிலர் பஞ்ச் வைத்துக் குழியைச் சுற்றிக் குத்திவிடுவார்கள். பேரிங் நிற்பதுபோல இருக்கும், நான்கைந்து மேடுகளின்மேல் கோணலாக. லேசான தேய்மானம் என்றால் பேரிங் பசை போதும். அதற்கு மேல் என்றால் லேத்துக்கு அனுப்பிப் புஷ் போடச் சொல்லுங்கள்.

நம்முடையது நன்றாக இருக்கிறது. பேரிங் நேற்றிரவு முழுவதும் ஃப்ரீசரில். கூடு அடுப்பில்.

[வெளிவளையம் விரலிலிருந்து நழுவிக் குழிக்குள் உட்காருகிறது.]

சுத்தியலே எடுக்கவில்லை. இனி ஷிம் பார்த்து, மூடி, லெவல் துளையிலிருந்து எண்ணெய் வழியும்வரை ஊற்ற வேண்டும். முதல் ஓட்டத்தில் மூன்றாவது கியரில் முறுக்கிவிட்டு, ஒரு கண் கிக் லீவர்மேல் இருக்கட்டும்.