ஒரே முகவரிக்கு இரண்டு வேலை

வைஃபையில் பெரிய ஃபைல் ஒன்று இறங்கிக்கொண்டிருக்கிறது, நீங்கள் வாசலைத் தாண்டுகிறீர்கள், போன் மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறது, பதிவிறக்கம் அறுந்துபோகிறது. போனும் அதேதான், சர்வரும் அதேதான். அப்புறம் ஏன் அறுந்தது?

இணையத்தில் தரவை ஒழுங்காகக் கொண்டு சேர்க்கும் விதிமுறையான டிசிபி (TCP), ஓர் இணைப்பை நான்கு எண்களை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது: இரு பக்கத்து ஐபி முகவரிகள், இரு பக்கத்து போர்ட்டுகள் (கணினிக்குள் எந்த நிரலுக்கு என்று சொல்லும் எண்கள்). இதில் ஒன்று மாறினாலும் சர்வருக்கு நீங்கள் யாரோ எவரோ. ஆனால் ஐபி முகவரி என்பதே நீங்கள் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறீர்கள் என்று, தரவுக்கு வழி காட்டும் ரவுட்டருக்குச் சொல்லத்தானே? இடம் மாறினால் அது மாறித்தான் ஆக வேண்டும். மாறக்கூடிய ஒன்றைப் பிடித்து அடையாளமாக வைத்துவிட்டோம்.

இது யாருக்கும் தெரியாத விஷயமும் இல்லை. பெயர், முகவரி, பாதை எல்லாம் வேறு வேறு என்று கணினி விஞ்ஞானி ஜெரோம் சால்ட்சர் 1982-லேயே விளக்கி எழுதிவிட்டார். பிறகு ஹிப் (HIP) என்ற விதிமுறை வந்தது, அதில் கணினியின் பப்ளிக் கீ, அதாவது எல்லோருக்கும் காட்டக்கூடிய மறையாக்கச் சாவிதான் அதன் அடையாளம், ஐபி முகவரிக்கு வழி காட்டும் வேலை மட்டும். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே அழகான வடிவமைப்பு அதுதான். ஆனால் இரு முனைகளிலும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தொட வேண்டும், நடுவில் இருக்கும் ஃபயர்வால் பழக்கமில்லாத பாக்கெட்டை (தரவுத் துண்டை) கண்டால் தூக்கிப் போட்டுவிடும். பரவவில்லை.

கடைசியில் வேலையை நடத்திக் காட்டியது 2021-இல் தரமாக வெளியான குவிக் (QUIC) என்ற விதிமுறை. யூடிபி (UDP) என்ற பழைய, எளிய விதிமுறைக்குள் ஒளிந்துகொண்டு போவதால் ஃபயர்வால் தொல்லை குறைவு. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி இணைப்பு எண்கள் உண்டு. புது முகவரியிலிருந்து பாக்கெட் வந்தால் சர்வர் உடனே நம்பிவிடாது; 8 பைட் சீரற்ற எண் ஒன்றை அங்கே அனுப்பும், அதே எண் திரும்பி வந்தால் சரி, தொடரலாம். புதுப் பாதைக்கு வேறு இணைப்பு எண்ணைப் பயன்படுத்துவதால், நடுவில் பார்ப்பவர் அந்த எண்ணை வைத்து உங்களைப் பின்தொடரவும் முடியாது.

ஆனால் ரவுட்டர்களின் சுமையைக் குவிக் தொடவே இல்லை. ஒரு நிறுவனம் இரண்டு இணையச் சேவையாளர்களிடம் இணைப்பு வாங்கி, தன் முகவரித் தொகுதியை இருவர் வழியாகவும் அறிவித்தால், உலகின் மைய ரவுட்டர்கள் எல்லாம் தங்கள் வழிப்பட்டியலில் அதற்கென ஒரு வரியைச் சுமக்க வேண்டும். ஐபிவி4 (பழைய வகை ஐபி முகவரி) பட்டியல் மட்டுமே 9 லட்சம் வரிகளைத் தாண்டிவிட்டது. இதற்கென்றே வந்த லிஸ்ப் (LISP) என்ற முறை, அடையாளத்தையும் இடத்தையும் பிரித்து, நிறுவனத்தின் விளிம்பு ரவுட்டரில் பாக்கெட்டை உறைபோட்டு அனுப்புகிறது. செலவு அந்த நிறுவனத்துக்கு, பட்டியல் சுருங்கும் லாபமோ எங்கோ இருக்கும் மைய ரவுட்டர்காரருக்கு. யார் முன்வருவார்கள், சொல்லுங்கள்?