ஸ்க்ரியாபினின் இடக்கை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் ஸ்க்ரியாபின் 1888 முதல் 1896 வரை எழுதிய 24 பியானோ பிரெலூடுகளை, அதாவது சிறு தனி உருப்படிகளைப் பற்றி இன்று பேசப்போகிறேன். ஓபஸ் 11 என்ற படைப்பு எண்ணில் 1897-இல் அச்சானவை. எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தாலும் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். சில ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை.

மேலை இசையில் பன்னிரண்டு சுரங்களில் ஒவ்வொன்றையும் ஆதாரமாகக் கொண்டு மேஜர், மைனர் என இரு வகை உண்டு. அப்படி வரும் 24 சுருதிகளுக்கும் ஒவ்வொன்று. இந்த வரிசை, அவருக்கு முந்தைய தலைமுறை இசையமைப்பாளர் ஷோப்பன் தம் பிரெலூடுகளில் கையாண்டது. அதனாலேயே, 'இது ஷோப்பனின் நிழல்' என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நான்காவது பிரெலூடைக் கேட்டாலே போதும். 'இ' என்ற சுரத்தை ஆதாரமாகக் கொண்ட இ மைனரில் அமைந்தது. ஷோப்பனின் நான்காவதும் இ மைனர்தான். அதில் வலக்கை பாடும். இடக்கை ஒரே சீராகச் சுரக்கொத்துகளை ஒலித்துக்கொண்டிருக்கும். ஸ்க்ரியாபின் இதைத் தலைகீழாக மாற்றினார். பாட்டு முழுவதும் இடக்கையில், மந்திர ஸ்தாயியில், செல்லோவின் குரலோடு இறங்கி வருகிறது. வலக்கை மேலே அடக்கமாகத் துணை நிற்கிறது.

அவர் இடக்கைக்கு இவ்வளவு இடம் கொடுத்ததற்கு வழக்கமாக ஒரு காரணம் சொல்வார்கள். மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் படித்தபோது, லிஸ்ட்டும் பலாகிரெவும் எழுதிய மிகக் கடினமான உருப்படிகளை அளவுக்கு மீறிச் சாதகம் செய்து வலக்கையைக் கெடுத்துக்கொண்டார். மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஆனாலும் அவர் விடவில்லை. 1894-இல் இடக்கை மட்டுமே வாசிப்பதற்கென்று ஒரு பிரெலூடும் ஒரு நாக்டர்னும், அதாவது இரவின் உணர்வைச் சொல்லும் உருப்படியும், எழுதினார். இதெல்லாம் உண்மை. ஆனால் நான் சொன்ன இ மைனர் பிரெலூட் 1888-இல் எழுதப்பட்டது. அப்போது அவருக்கு வயது பதினாறு. சாதகத்தால் கை கெட்டது அதற்குப் பிறகுதான். ஆழத்தில் பாடும் அந்தக் குரல் வலியிலிருந்து பிறந்ததல்ல என்பதுதான் என் கருத்து. இயல்பிலேயே அவர் செவி அங்கேதான் சாய்ந்திருந்தது.

பதினைந்தாவதில் இடக்கை தனியாகவே தொடங்குகிறது, இரண்டிரண்டு சுரங்களாக, அவசரமே இல்லாமல். வலக்கை வந்து சேரும்போது, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு பேச்சில் கலந்துகொள்வதுபோல இருக்கும்.

முதலாவது வேறு விதம். சுரங்கள் ஐந்தைந்தாக ஓடுகின்றன. கண்ட நடை என்றால் நம் நேயர்களுக்குப் புரியும். அந்த ஐந்தும், தாள ஆவர்த்தனத்தைப் பிரித்துக் காட்டும் தாளக்கோட்டில் தொடங்காமல் அதற்கு முன்பே எடுத்துவிடுகின்றன, அதீத எடுப்பைப்போல. கோட்டில் ஒவ்வொரு முறையும் அழுத்தம் கொடுத்து வாசிக்கிறவர்கள் அதன் உயிரையே எடுத்துவிடுகிறார்கள். 1910-இல் ஸ்க்ரியாபின் தாமே வாசித்ததைத் தானாக வாசிக்கும் பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருளில் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் வேகம் நொடிக்கு நொடி மாறுகிறது.

1914-இல் எழுதிய ஓபஸ் 74, ஐந்தே பிரெலூடுகள். அவருடைய கடைசிப் படைப்பு. 1915 ஏப்ரலில், உதட்டில் வந்த கட்டி நஞ்சேறி, 43 வயதில் இறந்துபோனார். இந்த ஐந்தில் மேஜர், மைனர் என்ற பேச்சே இல்லை. ஆனால் இரண்டாவதின் அடியில் இரண்டு சுரங்கள் தொடக்கம் முதல் முடிவுவரை அசையாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. அவற்றை வாசிப்பதும் இடக்கைதான்.

கேட்க விரும்புகிறவர்கள் பியானோ கலைஞர் விளாதிமிர் சோஃப்ரோனித்ஸ்கியின் பதிவுகளைத் தேடுங்கள். ஸ்க்ரியாபினின் மகளை மணந்தவர் அவர். பழைய பதிவுகள்தான், இரைச்சல் இருக்கும். இடக்கை தெளிவாகவே கேட்கும்.

வணக்கம்.