பஸ்ராவுக்குப் போய்த் திரும்பாதவருக்குத் திதி என்றைக்கு? நடுகல் நடலாமா?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. படித்துவிடுகிறேன்.

‘ஐயா, எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ராவுக்குப் போனார். திரும்பவே இல்லை. உடம்பும் வரவில்லை, செத்த நாளும் தெரியாது. ஒரு வெள்ளிப் பதக்கம் மட்டும் சாமி அலமாரியில் இருக்கிறது. அவருக்குத் திதி என்றைக்குக் கொடுப்பது? எங்கள் நிலத்தில் நடுகல் நடலாமா? எவனோ ஒருவன் சண்டைக்குச் சம்பளத்துக்குப் போனவருக்குக் கல் எதற்கு என்று சித்தப்பா கேட்கிறார்.’

பஸ்ரா என்பது இன்றைய ஈராக்கில் இருக்கிற ஊர். கூடவே பதக்கத்தின் படமும் அனுப்பியிருக்கிறார். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறுபக்கம் குதிரை மேல் ஒரு ஆள், 1914, 1918 என்று இரண்டு வருஷம். முதல் உலகப் போருக்குக் கொடுத்த பதக்கம்தான், சந்தேகமே வேண்டாம்.

முதலில் திதி. நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். ஆயுதத்தால் இறந்தவர்களுக்கென்றே அதற்கு முந்தின நாளை, மகாளய பட்சத்துச் சதுர்த்தசியை, பெரியவர்கள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இவர் சண்டையில் போனாரா, காலராவில் போனாரா என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பாலைவனத்தில் நோயில் போனவர்களும் ஏராளம். அதனால் இப்போதைக்கு அமாவாசையிலேயே கொடுங்கள். ஒகேனக்கல் போங்கள், அனுமன்தீர்த்தம் போங்கள், எது வசதியோ அது. சரியான தேதி கிடைத்தால் பஞ்சாங்கம் பார்த்துத் திதியை எடுத்துக்கொள்ளலாம். கிடைக்க வழி இருக்கிறது, சொல்கிறேன்.

அப்புறம் சித்தப்பா கேட்டது. அவர் மேல் கோபம் வேண்டாம், நியாயமான கேள்விதான். அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து சுமார் 13 லட்சம் பேர் போனார்கள். 74,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. ஒரு சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைத்த நம் பக்கத்து வீட்டுக்கு அந்தப் 11 ரூபாய் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியியல் படைப்பிரிவு இருந்தது. இன்றைக்கும் அந்தப் படைக்காரர்களுக்குத் ‘தம்பி’ என்றுதான் பெயர். ஓசூர் தாண்டினால் பெங்களூர். வயிற்றுக்காகப் போனவரைக் கூலிக்காரர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கே நிற்கிற நடுகற்களைப் பாருங்கள். நம் மண்ணில் கிடைத்த கல்வெட்டுகளில் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்றும் இருக்கும், ‘தொறுக் கொண்டு பட்டான்’ என்றும் இருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. மாட்டைக் காப்பாற்றிச் செத்தவனுக்கும் கல், அடுத்த ஊர் மாட்டை ஓட்டிவரப் போய்ச் செத்தவனுக்கும் கல். சண்டை யாருடையது, நியாயம் யார் பக்கம் என்று பார்த்து அவர்கள் கல் நடவில்லை. எங்கள் ஆள் ஒருவன் போனான், திரும்பவில்லை. அது போதும் அவர்களுக்கு. தகடூரை ஆண்ட அதியமானுக்கே நடுகல் நட்டு, மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் வார்த்ததை அவ்வையார் அழுதுகொண்டே பாடியிருக்கிறார். தகடூர் என்பது நம் தர்மபுரிதான். காட்டோரம் வேடியப்பன் என்று நாம் கும்பிடுகிற கற்களில் பல இப்படி விழுந்தவர்களுடைய கற்கள்தான்.

இப்போது பஸ்ராவுக்கு வருகிறேன். அங்கே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக் பக்கத்தில் இறந்து, கல்லறை எங்கே என்று தெரியாத 40,500 பேருக்கு மேலானவர்களின் நினைவாக வைத்தது. 1929இல் திறந்தார்கள். சதாம் உசேன் காலத்தில், 1997இல், அப்படியே பெயர்த்து நாசிரியா சாலையில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தச் சுவரில் வெள்ளைக்காரச் சிப்பாய் என்றால் பெயர் உண்டு. இந்திய அதிகாரி என்றாலும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு மட்டும் பெயர் கிடையாது. இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று ஒரு எண், அவ்வளவுதான். இப்படிப் பாரபட்சம் காட்டியதற்கு, போர்க் கல்லறைகளைப் பராமரிக்கிற காமன்வெல்த் ஆணையமே 2021இல் மன்னிப்புக் கேட்டது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, 1,400 வருஷம் ஆகிறது. கருந்தேவக்கத்தி என்கிற வீரன் மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் செத்திருக்கிறான். அவனோடு நின்று கள்ளர்களைக் கடித்த நாய்க்கும் அதே கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். கோவிவன். நாய்க்குப் பெயர் வெட்டிய மண்ணிலிருந்து கப்பல் ஏறிப் போன மனிதன் அங்கே ஒரு எண்ணாக நிற்கிறான். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

அதனால், தம்பி, கல் கட்டாயம் நடுங்கள். ஆனால் முதலில் பெயரைக் கண்டுபிடியுங்கள். ‘பஸ்ரா தாத்தா’ என்று வெட்டாதீர்கள்.

உங்கள் கையில் இருக்கிற பதக்கத்தின் ஓரத்தைப் பாருங்கள். ரூபாய் நாணயத்தில் விளிம்பு இருக்குமே, அந்த இடம். அங்கே அவருடைய எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் சின்ன ஆங்கில எழுத்தில் இருக்கும். எங்கள் ஆயா வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. ஒரு கஷ்ட காலத்தில் உருக்கிக் குழந்தைக்குக் கொலுசு செய்துவிட்டார்கள். ஓரத்தில் எழுத்து இருந்தது யாருக்கும் தெரியாது. இன்றைக்கு நான் பதிவேட்டில் தேடினால் அதே பெயரில் பலர் வருகிறார்கள். எங்கள் ஆள் எவர் என்று சொல்ல அந்த எண் இல்லை.

மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னேனே, அந்தக் காமன்வெல்த் ஆணையத்தின் பதிவேடு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. சுவரில் இல்லாத பெயர்கள் பல ஏட்டில் இருக்கின்றன. தேடும்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று மட்டும் தேடாதீர்கள். தர்மபுரி மாவட்டம் 1965இல் பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004இல் பிரிந்தது. அன்றைக்கு எல்லாமே சேலம். அதனால் சேலம் என்றும் போட்டுப் பாருங்கள். எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். முனுசாமி என்பது நாலு விதமாக வரும், நாலையும் பாருங்கள். பலருக்கு அப்பா பெயரும் ஊரும் பதிந்திருக்கும். இறந்த தேதியும் அங்கேதான் கிடைக்கும். பெயரே இல்லையென்றால், சான்று காட்டிச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

கல்லுக்கு நம் ஊரில் பஞ்சமா? கிருஷ்ணகிரிக் கருங்கல் உலகமெல்லாம் போகிறது. பெயர், அப்பா பெயர், ஊர், படைப்பிரிவு, இறந்த இடம், தேதி. இவ்வளவு போதும். பெயின்ட்டில் எழுத வேண்டாம், உளி கொண்டு வெட்டச் சொல்லுங்கள். புறம்போக்கில் நடாமல் உங்கள் பட்டா நிலத்தில் நடுங்கள்.

இந்த வீடியோவைப் பார்க்கிறவர்களில், இந்திய அமைதிப் படையில் இலங்கைக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டாரும் இருப்பீர்கள். 1987 முதல் 1990 வரை அங்கே நம் வீரர்கள் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே செத்த நம் இனத்து மக்களை நினைத்து, அந்தச் சண்டையைப் பற்றிப் பேசவே நாம் கூசினோம். அந்தத் துக்கம் நியாயமானது. அதற்காகத் தன் மகனுக்கு ஒரு தாய் ஊரறிய அழ முடியாமல் போனதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். பலாலியிலும் கொழும்பிலும் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்திலும் அவர்கள் பெயர் இருக்கிறது. சொந்த ஊரிலும் இருக்கட்டும்.

சரி தம்பி, பதக்கத்தைப் புளி போட்டோ மணல் போட்டோ தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். மெல்லிய, உலர்ந்த துணியால் லேசாகத் துடையுங்கள். ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, ஓரத்தைச் சுற்றி நாலைந்து படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து படிப்போம்.