40 நிமிஷ வேலைக்கு 9 நாள்

வணக்கம் நேயர்களே. ஒரு பில் வந்து பாஸாகி பணம் போய்ச் சேர 9 வேலை நாள் ஆகுதுன்னு வைங்க, உடனே மேனேஜர் என்ன சொல்வாரு, ஆளுங்க ஸ்லோ, புது சாஃப்ட்வேர் வாங்கணும்பாரு. சரி, அந்த பில்ல யாராச்சும் நெஜமா கையில எடுத்து வேலை பாத்த நேரத்த மட்டும் கூட்டுவோம். என்ட்ரி போட 10 நிமிஷம், பர்ச்சேஸ் ஆர்டரோட ஒத்துப் பாக்க 20, அப்ரூவலுக்கு 2, பேமென்ட் போட 8, ஆக மொத்தம் 40. நாளைக்கு 8 மணி நேரம்னு கணக்கு போட்டா 9 நாள்ங்கிறது 4,320 நிமிஷம், அதுல வேலை 1 சதவீதம்கூட தேறல! மிச்சமெல்லாம் யாரோட இன்பாக்ஸ்லயோ தூங்கின நேரம்தான். என்ட்ரிய பாதி நேரத்துல முடிச்சாலும் 5 நிமிஷந்தான் மிச்சம், 9 நாள் 9 நாளாவே நிக்கும்.

இது ஏன் கண்ல படமாட்டேங்குதுன்னா, நிறைய சிஸ்டம்ல பட்டன அமுக்கி முடிச்ச நேரம் மட்டுந்தான் பதிவாகுது, எப்ப வந்துச்சு எப்ப கையில எடுத்தாங்கன்னு தனியா இருக்காது, அதனால காத்திருந்ததும் வேலை செஞ்சதும் ஒண்ணா கலந்துடுது. வந்தது, எடுத்தது, முடிச்சது, மூணையும் தனித்தனியா குறிக்கணும். அதுலயும் ஃபைல தொறந்து வெச்சுட்டு போன்ல பேசப் போயிருவாங்க (எல்லாரும் செய்றதுதான்), அதனால கொஞ்ச ஃபைலுக்காவது பக்கத்துலயே உக்காந்து பாக்கணும், ஆனா ஆள மார்க் போடறதுக்குன்னு தெரிஞ்சா வர்ற நம்பர் எதையும் நம்ப முடியாது.

காத்திருப்பும் வேலையும் சேத்து மொத்தம் எவ்ளோ நாள் ஆகுதுன்னு தெரிய ஸ்டாப்வாட்ச்கூட வேணாம். ஜான் லிட்டில்னு ஒரு அமெரிக்க பேராசிரியர் 1961ல நிரூபிச்ச ஒரு விதி இருக்கு, தேங்கி நிக்கிற ஃபைல் 60, நாளைக்கு முடியறது 12, வரவும் போறதும் ஓரளவு சமம்னா, சராசரியா ஒரு ஃபைல் 5 நாள் உள்ள கெடக்கும், அவ்ளோதான்.

இன்னொண்ணு, ஆள சும்மாவே விடக்கூடாதுன்னு நெனைக்கிறோமே, அங்கதான் வினையே. ஒரே ஆள், வேலை எந்த ஒழுங்கும் இல்லாம வந்து விழுது, செய்ய ஆகற நேரமும் ஏறி எறங்குதுன்னா, அவரு 80 சதவீதம் பிஸியா இருக்கறப்ப ஒரு வேலைக்கு ஆகற சராசரி நேரத்தப் போல சுமார் 4 மடங்கு காத்திருக்கணும், 95 சதவீதம்னா 19 மடங்கு. அதுவும் அப்ரூவல் குடுக்கற பெரியவங்கதான் பல எடத்துல அந்த 95ல இருப்பாங்க, அவங்களோட மத்த பெரிய வேலைங்களுக்குப் பின்னாடி நிக்கறதால 2 நிமிஷ கையெழுத்துக்கே 4 நாள் ஆயிடும்.

அப்புறம் இந்த "விளக்கம் கேட்டிருக்கோம்"னு ஸ்டேட்டஸ மாத்தி கடிகாரத்த நிறுத்தற பழக்கம். ரிப்போர்ட்ல எல்லாம் பச்சையா இருக்கும், காசு வராம ஒக்காந்திருக்கவருக்கு அந்த நாளும் நாள்தானே, அதையும் சேத்தே எண்ணுங்க.