கதவுக்குப் பின்னால் ஒரு கணக்கு

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த ராத்திரி நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தொலைக்காட்சித் தொடரின் சுவை கூடுவது வாரம் வாரம் காத்திருந்து பார்ப்பதிலா, ஒரே மூச்சில் பார்த்து முடிப்பதிலா? இதுதான் இன்றைய தலைப்பு. காத்திருப்பதில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி ஒன்று கேட்டார். ‘பசித்தவனுக்கு இலை போட்டு, சோற்றை மட்டும் வைத்துவிட்டு, குழம்பு அடுத்த வாரம் வரும் என்றால் அது என்ன நியாயம்?’ நீங்களும் கை தட்டினீர்கள். அம்மா, கதை சாப்பாடு இல்லை. சாப்பாடு உள்ளே போனால் பசி அடங்கிவிடும். கதை உள்ளே போன பிறகுதான் தன் வேலையைத் தொடங்கும். அதற்கு நாள் வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதவைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதி. சன் டிவியில் மர்மதேசம் வரிசையில் ‘விடாது கருப்பு’ வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். ஊரில் தப்பு செய்கிறவர்களைக் காவல் தெய்வமான கருப்பு குதிரையேறி வந்து தண்டிக்கிறது. அது சாமிதானா, சாமி பெயரைச் சொல்லி வேறு யாராவதா? இந்த ஒரு கேள்விதான் மாதக்கணக்கில் ஓடியது. எங்களுக்கு மதுரைப் பக்கம். ஊர் எல்லையில் எங்களுக்கே அரிவாளோடு ஒரு கருப்பசாமி நிற்கிறார். அதனால் அந்தக் கேள்வி டிவியை அணைத்தாலும் அணையவில்லை.

எங்கள் வாசல் கதவின் பின்பக்கம்தான் பால் கணக்கு எழுதுகிற இடம். ஒரு வேளைக்கு ஒரு கோடு, சாக்பீஸில். அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் அப்பத்தா இன்னொரு கணக்கை ஆரம்பித்தாள். இந்த வாரம் யாருக்கு யார் மேல் சந்தேகம் என்கிற கணக்கு. அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாது. அவள் குறி சொல்லுவாள், நான் போடுவேன். மீசைக்காரருக்கு ஒரு வளைவு. திருநீறு பூசுகிறவருக்கு மூன்று பட்டை. பெண்களுக்குப் பொட்டு. வீட்டில் ஐந்து பேர், ஐந்து வரிசை. மளிகைக்கடை மாமாவுக்குத் தனியாக ஓரத்தில் ஒரு வரிசை, ஏனென்றால் அவருக்கும் அப்பத்தாவுக்கும் பந்தயம். தோற்றவர் ஜெயித்தவருக்கு ஒரு கவுளி வெற்றிலை வாங்கித் தர வேண்டும்.

தொடர் வந்த மறுநாள் குழாயடியில் பேச்சு. அதற்கு மறுநாள் கடையில். நாலாம் நாள் நடுராத்திரியில் அப்பத்தா என்னைத் தட்டி எழுப்பினாள். ‘டேய், அந்தக் குறியை அழிச்சிரு. அவன் இல்லை. குதிரைச் சத்தம் கேட்டப்போ அவன் வீட்டுக்குள்ளதான் இருந்தான்.’ பள்ளிக்கூடம் பக்கமே போகாத பெண். நாலு நாளாக அந்தக் காட்சியை மனசுக்குள் திருப்பித் திருப்பி ஓட்டி, எவன் எங்கே நின்றான் என்று சரிபார்த்திருக்கிறாள். தொடர் எடுத்தவர்கள் கொஞ்ச நேரம் கதை தந்தார்கள். மிச்சமிருந்த வாரம் முழுக்கக் கதையை நடத்தியது அவள். நடுவர் அவர்களே, அந்த நாலு நாளை அவளுக்கு எந்தச் செயலி தரும்?

இது டிவி வந்த பிறகு பிறந்த ருசியும் இல்லை. பொன்னியின் செல்வன் கல்கி வார இதழில் 1950ல் தொடங்கி 1954 வரை வந்தது. அதைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணி வைத்த பிரதிகளை உங்களில் சிலர் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். பழுப்பேறிய தாள், மணியம் வரைந்த படம், ஓரத்தில் தாத்தா எழுதிய வரிசை எண். இதழ் வந்த அன்று முதலில் யார் படிப்பது என்று வீட்டுக்குள் சண்டை நடந்த காலம். கதை முடிந்ததும் இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் விடாமல் கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதி அவர்களுக்குப் பதில் சொன்னார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று இன்றைக்கும் நாம் வாதாடுகிறோம். மூன்றரை வருஷம் வாரம் வாரம் ஊறிய கதை அப்படித்தான் நிற்கும்.

‘முடிவைச் சொல்லாமல் ஒளித்துத் தவிக்க விடுவதுதான் உங்கள் வார வியாபாரம்’ என்றார் எதிரணி நண்பர். சரி, முடிவு தெரிந்த கதைக்கு வருவோம். 1987 ஜனவரியிலிருந்து 1988 ஜூலை வரை ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ராமாயணம். அதுவும் இந்தியில். ராவணன் சாவான் என்று தெரியாதவர் நம் ஊரில் யார்? ஆனாலும் குளித்துவிட்டு, டிவி இருக்கிற வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். இன்னும் பின்னால் போனால் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, இப்படி நாள் கணக்கில் போய்க் கடைசியில் படுகளம். துரியோதனன் விழப்போகிறான் என்பது கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் தெரியும். இருந்தும் மண்ணில் செய்து கிடத்திய அந்த உருவத்தைச் சுற்றி ஊரே நிற்கிறது. அத்தனை நாள் கதையோடு கூட நடந்து வந்த சனம் அது. நேராகப் படுகளத்துக்கு மட்டும் வந்து இறங்கியவனுக்கு அந்த நெஞ்சடைப்பு வராது.

இப்போது ஒரே மூச்சு விவகாரம். நெட்ஃப்ளிக்ஸ் 2013 பிப்ரவரி 1ஆம் தேதி ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் 13 பகுதிகளையும் ஒரே நாளில் கொட்டியது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. நம் தமிழில் 2022 ஜூனில் புஷ்கர் காயத்ரியின் ‘சுழல்’ வந்தபோது எட்டுப் பகுதியும் ஒன்றாக வந்தன. நல்ல தொடர், மயானக்கொள்ளைத் திருவிழாவைக் கதைக்குள் கொண்டுவந்த தொடர், எனக்குப் பிடித்த தொடர். நானும் விடிய விடியப் பார்த்தேன். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு திருப்பம். அட, இவரா என்று நிமிர்வதற்குள் அடுத்த பகுதி தானே ஓடத் தொடங்கியது. அந்தத் திருப்பத்தை உருவாக்கக் கதாசிரியர்கள் எத்தனை நாள் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள்! அதற்கு நான் கொடுத்த ஆயுள் பத்து நொடி.

காலையில் அலுவலகத்துக்குப் போனேன். பேச ஆசை. ஒருவர் மூன்று பகுதி பார்த்திருந்தார், இன்னொருவர் ஆறு, ஒரு தம்பி ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தான். வாயைத் திறந்ததுமே மூன்று பேரும், ‘சொல்லிடாதீங்க, சொல்லிடாதீங்க!’ ஒரே கதையைப் பார்க்கிற நாலு பேர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள முடியவில்லை, நடுவர் அவர்களே. எங்கள் குழாயடியில் யாரும் யாரையும் வாயை மூடச் சொன்னதில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் நின்றோம். ஒருத்தி ஒரு வாரம் பார்க்கவில்லை என்றால், பார்த்தவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு முழுக்கதையும் சொல்லுவாள். கேட்டவளுக்குப் பார்த்த திருப்தி, சொன்னவளுக்கு இரண்டாம் முறை பார்த்த திருப்தி.

இது பட்டிக்காட்டுப் பழக்கம், உலகம் மாறிவிட்டது என்பார்கள். அமெரிக்காவில் 1980 மார்ச்சில் ‘டல்லாஸ்’ தொடரில் ஜே.ஆர். என்கிற முக்கியப் பாத்திரம் சுடப்பட்டது. சுட்டது யார் என்று நவம்பரில்தான் காட்டினார்கள். எட்டு மாதம் அந்த நாடு முழுக்க அதே பேச்சு. அமேசானில் ‘த பாய்ஸ்’ தொடரின் முதல் சீசன் 2019ல் மொத்தமாக வந்தது. 2020ல் இரண்டாவது சீசனுக்கு முதலில் மூன்று பகுதி, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டார்கள். கொட்டிக் கொடுத்த கையே எண்ணிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இழுவைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஒரு கன்னத்தில் விழுந்த அறையை மூன்று கோணத்தில் ஏழு பேர் முகத்தோடு காட்டி அரை மணி நேரத்தை ஓட்டுகிறார்களே, அது காத்திருக்கிறவர்களுக்குச் செய்கிற துரோகம். அதைக் கண்டியுங்கள், நானும் சேர்ந்து கண்டிக்கிறேன். ஆனால் அந்தத் தினத்தொடரிலும் சனிக்கிழமை ராத்திரி ஒரு முடிச்சைப் போட்டுத் திங்கள் வரை விடுகிறார்கள் பாருங்கள், அந்த இடைவெளியில்தான் என் அம்மாவும் சென்னையில் இருக்கிற என் அக்காவும் மணிக்கணக்கில் போனில் பேசுகிறார்கள். மருமகள் செய்தது சரியா, அண்ணன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று தொடங்கிய பேச்சு, எங்கள் வீட்டுச் சொத்துப் பேச்சுக்கும், அக்கா இதுவரை சொல்லாமல் வைத்திருந்த வருத்தத்துக்கும் போய் நிற்கும். நேராகக் கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருக்க மாட்டாள்.

‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்துவை நினைத்துப் பாருங்கள். அந்தக் குணசேகரனைத் திட்டாத வீடு உண்டா? 2023 செப்டம்பர் 8ஆம் தேதி அவர் இறந்த செய்தி வந்தது. அன்றைக்குக் காலையில், அந்த ஆளை முந்தின ராத்திரி வரை வாய் ஓயாமல் வைத என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பழகிய மனிதர் போனால் வருகிற வருத்தம். ஒன்றரை வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் வந்த முகத்துக்கு அந்த உரிமை உண்டு. ஒரு ராத்திரியில் வந்து போன முகத்துக்கு அம்மா அடுப்பை அணைத்திருப்பாளா?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். கடைசியில் கருப்பு யார் என்று தெரிந்த ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் கத்தவில்லை. அப்பத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு ஈரத்துணி எடுத்து, கதவுக்குப் பின்னால் இருந்த வளைவு, பட்டை, பொட்டு எல்லாவற்றையும் துடைத்தாள். பால் கணக்கை மட்டும் விட்டாள். காலையில் அவளே நடந்து போய், மளிகைக்கடை மாமா கையில் ஒரு கவுளி வெற்றிலையை வைத்தாள். அவர் அதிலிருந்து இரண்டை எடுத்து அவளிடமே நீட்டினார். கடை வாசலில் உட்கார்ந்து இரண்டு பேரும் போட்டுக்கொண்டே கதையை முதலிலிருந்து பேசத் தொடங்கினார்கள்.

நன்றி, வணக்கம்.